கட்டிலின் விளிம்பில்

எழுந்திருக்க வேண்டும். எழுந்து, காலடியில் இருக்கிற வாளியை எடுத்துக்கொண்டு, வராந்தாக் கோடியில் இருக்கிற குளியலறைக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். துண்டு ஏற்கெனவே தோளில் கிடக்கிறது. சோப்புப் பெட்டியும் மக்கும் வாளிக்குள் இருக்கின்றன. தலைமுடியை அள்ளி உச்சியில் முடிந்தாகிவிட்டது. இத்தனையும் நான்தான் செய்திருக்கிறேன். செய்துவிட்டு, ஒரு நிமிடம் என்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தேன். அந்த ஒரு நிமிடம் இன்னும் முடியவில்லை. காலையில் இந்த மாடி முழுக்க வாளிச் சத்தமும் செருப்புச் சத்தமும், யார் சீப்பை யார் எடுத்தது என்ற சண்டையுமாக இருந்தது. ஒவ்வொரு கதவாகச் சாத்தி, ஒவ்வொருத்தியாகப் படியிறங்கிப் போய், இப்போது மின்விசிறி மட்டும் டக் டக்கென்று எதையோ தட்டிக்கொண்டு சுற்றுகிறது. எதைத் தட்டுகிறது? இறக்கையையா, மேலே இருக்கிற கிண்ணத்தையா? மூன்று வருடமாக இதே அறை, இந்தச் சத்தம் இன்றைக்குத்தான் கேட்கிறது. இல்லை, போன மழைக்காலத்திலும் ஒருநாள் கேட்டது. அன்றைக்கும் இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஈகாலஜி இண்டர்னல். போகவில்லை. எழுந்திரு இவா. இன்றைக்கு ப்ராஜெக்ட் வைவா. பதினோரு மணிக்கு வைவா, வெளியூர்க் கல்லூரியிலிருந்து கேள்வி கேட்க எக்ஸ்டர்னல் வருகிறார், சேலை கட்டிக்கொண்டுதான் வர வேண்டும் என்று எங்கள் கைடு பேபி மேடம் சொல்லியிருக்கிறார். தாவரவியல் மூன்றாம் வருடம், இரண்டு பேருக்கு ஒரு ப்ராஜெக்ட். என்னோடு சேர்ந்து செய்தவள் சங்கரகோமதி. சேர்ந்து செய்தவள் என்று சொல்வதுகூட எனக்குச் சாதகமான பேச்சு. அவள் செய்தாள், நான் கூட இருந்தேன். அவள் இந்நேரம் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, லேப் வாசலில் நின்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சோம்பேறி என்பார்கள். வார்டன் சொல்லியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சொல்லியிருக்கிறார், அம்மா எத்தனையோ தடவை. இவாஞ்சலின் என்ற பேரை யாரும் முழுதாகக் கூப்பிட்டதில்லை, ஆனால் சோம்பேறி என்பதை மட்டும் ஒரு எழுத்து குறையாமல் சொல்வார்கள். சோம்பேறித்தனத்தில் ஒரு சுகம் இருக்க வேண்டாமா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, உலகம் எப்படிப் போனால் என்ன என்று புரண்டு படுப்பவளுக்கு அந்தப் பேரைக் கொடுக்கலாம். நான் படுக்கவில்லையே. முதுகு வலிக்க வலிக்க நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். கட்டிலின் இரும்புச் சட்டம் தொடையில் பதிந்து மரத்துப்போய்விட்டது. காலுக்குச் சொல்கிறேன், எழுந்திரு என்று. காலுக்குக் கேட்கிறது. அப்பா வைத்திருந்த பழைய ஸ்கூட்டர் இப்படித்தான், கிக்கரை உதைக்க உதைக்க உறுமும், இதோ கிளம்பிவிடும் போல இருக்கும், ஆனால் கிளம்பாது. அப்பா வேர்த்துப்போய் அதன் பக்கத்திலேயே நிற்பார், சுள்ளென்று வெயில் ஏறும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அடித்த மணி ஓய்ந்துபோகும். கோமதிக்குக் குளிப்பது ஒரு வேலை. எனக்கு அது ஒரு வேலை இல்லை. வாளியை எடுப்பது ஒன்று, செருப்பைத் தேடுவது ஒன்று, மூன்று குளியலறையில் எதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று பார்ப்பது ஒன்று, மேல்தொட்டித் தண்ணீர் தீர்ந்திருக்குமோ என்பது ஒன்று, தலைக்கு ஊற்றுவதா வேண்டாமா, ஊற்றினால் காயாது, காயாவிட்டால் ரவிக்கை நனையும், ரவிக்கையின் கொக்கியைத் தைத்தேனா, தைக்கவில்லை. எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன. எதற்கும் வழி கிடைக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும்.

எதிரே அலமாரிக் கண்ணாடி. அதன் ஓரம் முழுக்க ஒட்டுப்பொட்டுகள். நான் பொட்டு வைப்பதில்லை. எனக்கு முன்னால் இந்த அறையில் இருந்தவள் ஒட்டிவிட்டுப் போனவை அவை. மெரூன், கறுப்பு, சின்னதாக ஒரு பச்சை. பச்சைப் பொட்டை எந்த உடுப்புக்கு வைத்திருப்பாள்? குளிக்கப் போகும்போதுதானே நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பாள். அப்படியென்றால் இங்கே இருக்கிற ஒவ்வொரு பொட்டும் அவள் எழுந்து குளிக்கப் போன ஒரு நாள். எத்தனை நாள்! எவ்வளவு லேசாகப் போயிருக்கிறாள், பொட்டை எடுத்து ஒட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல். யாராக இருப்பாள், இப்போது எங்கே இருப்பாள், கல்யாணம் ஆகியிருக்குமா, அந்த வீட்டுக் கண்ணாடியிலும் ஒட்டுவாளா, மாமியார் திட்டுவாளோ. நில். இப்படித்தான் போகும். இப்படித்தான் அன்றைக்கும் போனது. நினைக்காதே என்றால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். ஸ்லைடு பெட்டி.

நான்குவழிச் சாலையின் நடுவில் வரிசையாக அரளி நட்டிருக்கிறார்களே, அந்த இலைகளையும், எங்கள் கல்லூரித் தோட்டத்து அரளி இலைகளையும் எடுத்து, லாரிப் புகையிலும் தூசியிலும் நிற்கிற இலையில் மூச்சுத்துளைகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதுதான் ப்ராஜெக்ட். அரளி என்றதும் வார்டன் பயந்துபோய் என் அலமாரியைத் திறந்து பார்த்தது வேறு கதை. இலையின் அடிப்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷைத் தடவி, காய்ந்ததும் உரித்து, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். எண்ணுவது கோமதி. நான் எண்ண ஆரம்பித்தால் நடுவில் எங்கேயோ போய்விடுவேன். அவள் நாள் கணக்கில் உட்கார்ந்து உரித்து ஒட்டிப் பெயர் எழுதிய அத்தனை ஸ்லைடும் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஊருக்குள் இன்னொரு கல்லூரியில் படமெடுக்கிற மைக்ராஸ்கோப் இருக்கிறது என்று நான்தான் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். நல்லபடியாகத்தான் படமெடுத்தேன். திரும்பும்போது பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. ஒருவர் சக்கரத்தைத் தலைகீழாக மாட்டிச் சுற்றிவிட்டு, கோணல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொரு கம்பியாக விரலால் சுண்டிச் சுண்டி முறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சத்தம். தளர்ந்திருந்தால் ஒன்று, இறுகியிருந்தால் ஒன்று. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். பெட்டி பஸ் நிறுத்தத்துப் பெஞ்சிலேயே இருந்தது. பாதி வழியில், கை ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று தோன்றியபோது வயிற்றில் குளிர்ந்தது. எனக்கு அந்தக் குளிர் நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்தே தெரியும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வரும். இறங்கி ஓடினேன். பெஞ்சில் யாரோ பால்கேனோடு உட்கார்ந்திருந்தார். அவர் பார்க்கவில்லையாம்.

கோமதி கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. "நீ வேணும்னு பண்ணலன்னு எனக்குத் தெரியும்ட்டி," என்றாள். "ஆனா எனக்கு அது போதாது." அவள் வீட்டில் தறி ஓடுகிறது. காலேஜுக்கு வந்த முதல் ஆள் அவள். ஒவ்வொரு மார்க்கையும் வீட்டில் எல்லாருக்குமாகச் சேர்த்து வாங்குகிறவள். மறுநாள் வகுப்பு முடிந்து தனியாக நான்குவழிச் சாலைக்குப் போய், வெயிலில் நின்று, மறுபடி இலை பறித்து வந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அதற்கப்புறம் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் முடிகிறபோது முடிகிறதே. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. அவள் புதிதாக உரித்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். துளைகளே சரியாகத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? மற்ற இலைகளில் துளைகள் மேலேயே இருக்கும். அரளியில் அப்படி இல்லை போலிருக்கிறது. ப்ளேடால் இலையைக் குறுக்கே சீவினேன், தாள் மாதிரி, தாளைவிட மெல்லிசாக, சீவிச் சீவி ஒன்று சரியாக வந்தது. அடிப்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள். குழி நிறைய ரோமம். அந்த ரோமத்துக்குள்ளே, குழியின் சுவரில் ஒளிந்துகொண்டு இருந்தன துளைகள். நெயில் பாலிஷ் குழி வாயை மட்டும்தான் பிடித்திருக்கிறது. நாங்கள் இத்தனை நாளும் எண்ணியது துளையே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். ஒவ்வொரு செல்லாக, ஒவ்வொரு ரோமமாக. சாப்பிட்டேனா, யார் வந்தார்கள், யார் கூப்பிட்டார்கள், ஒன்றும் தெரியாது. வெளிச்சம் போய்க் கோடு மங்கியபோதுதான் தலை நிமிர்ந்தேன். கழுத்து திரும்பவில்லை. மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. பேபி மேடம் அந்தப் படத்தைக் கையில் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். "இத வரைஞ்சது நீயாம்மா?" என்றார். அப்புறம், "சரி, நீ எழுத வேண்டிய சாப்டர் எங்க?" அந்தச் சாப்டரில் தலைப்பு மட்டும்தான் இருந்தது. மீதியைக் கோமதி எழுதினாள். குழிக்கு எத்தனை துளை என்று மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். அவளிடம் குழியைப் பற்றிச் சொன்னபோது ஒரு வார்த்தை பாராட்டவில்லை, ப்ளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிடிச்சதுன்னா நாள் பூரா உக்காருதா, மத்ததுன்னா வலிக்கி. அப்படித்தான் எல்லாரும் நினைப்பார்கள். கோமதியும் நினைப்பாள். எனக்கு மட்டும் பிடிக்காமலா? இந்த வைவாவைப் போல வேறெதையும் நான் இந்த வருடம் ஆசைப்பட்டதில்லை. ஆசைப்பட ஆசைப்பட உடம்பு இரும்பாகிறது. எழுந்திரு.

மனநல டாக்டரம்மாவிடம் போனது இரண்டாம் வருடத்தில், அடுத்தடுத்து இரண்டு பரீட்சைக்கு நான் போகாமலே இருந்த பிறகு. திருநெல்வேலியில் காட்டினால் சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அம்மா நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னாள், ஆசிரியை அல்லவா, கேள்வி என்று வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும். சின்னதுலருந்தே கூர்மைதான் டாக்டர், ப்ளஸ் டூல பயாலஜில நல்ல மார்க்கு, கவனம்தான் ஒரு இடத்துல நிக்காது. டாக்டரம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, ஏடிஹெச்டி என்றார். இது வளர்ப்பில் வந்த குறை இல்லை, சோம்பலும் இல்லை, இவள் மூளை வேலை செய்கிற விதமே அப்படி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அழுதேன். துக்கத்தில் இல்லை. அம்மா என்னைப் பார்க்காமல் மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது, "யார்ட்டயும் சொல்லிக்கிடாத, வைட்டமின் மாத்திரைன்னு சொல்லு," என்றாள். அந்த மாத்திரை போட்ட முதல் வாரத்தில் ஒருநாள் சாப்பிட்டு முடித்து எழுந்து தட்டைக் கழுவி வைத்திருந்தேன். கழுவி வைத்த பிறகுதான் தெரிந்தது கழுவிவிட்டேன் என்று. நடுவில் சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. சத்தக்காடாக இருக்கிற வகுப்பறை, வராந்தாவில் ஹெட்மாஸ்டர் செருப்புச் சத்தம் கேட்டதும் அடங்குமே, அப்படி அடங்கியிருந்தது தலைக்குள். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? எல்லாரும் இவ்வளவு அமைதியான இடத்திலா குடியிருக்கிறார்கள்? சொல்லவேயில்லையே ஒருத்தரும். அப்புறம் ரூபி சித்தி அந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். அவள் பையன் மெடிக்கல் கடையில் இருக்கிறான், இது பழகிப்போற மாத்திரையாம்லா அக்கா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னத்துக்கு ஆவும் என்றாள். அம்மா நிறுத்திவிட்டாள். ஜெபம் பண்ணு, பழகப் பழகச் சரியாயிரும் என்றாள். நானும் சரி என்றேன். என்னிடம் வாதாடத் தெம்பில்லை. பழகப் பழக என்றால் எதைப் பழகுவது? இதோ, உட்கார்ந்து பழகியிருக்கிறேன்.

தலையணைக்கு அடியில் போன் அதிர்கிறது. கோமதியாக இருக்கும். எடுக்க வேண்டாம். கோமதி இல்லை, அம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து. எடுத்துவிட்டேன், போனை எடுக்க மட்டும் கை வருகிறது.

"ஏட்டி, கெளம்பிட்டியா?"

பின்னால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். யாருக்கோ, "சிலேட்ட கீழ வை," என்று அதட்டிவிட்டு மறுபடி வருகிறாள்.

"இல்லம்மா."

"குளிச்சாச்சா?"

"இல்ல."

"மணி என்னாவுது! இன்னும் என்ன செஞ்சிட்டிருக்க?"

"கட்டில்ல உக்காந்திருக்கேன்."

இதற்கு முன்னால் நான் இதைச் சொன்னதில்லை. இதோ கெளம்பிட்டேம்மா, சேலை கட்டிக்கிட்டிருக்கேம்மா என்று எதையாவது சொல்லியிருப்பேன். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது.

"மேலுக்குச் சொகமில்லையா?"

"மேலுக்கு ஒண்ணுமில்ல. எந்திக்க முடியலம்மா. காலையிலருந்து இப்பிடியே இருக்கேன். எனக்கு அந்த மாத்திரை வேணும்."

ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழொன்பது அறுபத்துமூணு. அம்மா நடக்கிற சத்தம் கேட்கிறது, வாய்ப்பாடு தூரமாகிறது, மரத்தடிக்கு வந்துவிட்டாள் போல, காக்காய் கத்துகிறது. இப்போது திட்டுவாள். எந்த நேரத்துல எதப் பேசுதோம்னு இருக்கா என்பாள்.

"உங்கப்பாவும் இப்பிடித்தான் இருப்பாவ," என்கிறாள். "கல்யாணமான புதுசுல. ஒரு கால்ல ஷூவ மாட்டிக்கிட்டு, இன்னொரு ஷூவ கையில வச்சுக்கிட்டு, நாற்காலில உக்காந்திருப்பாவ. பிரஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நான் கெடந்து கத்துவேன். திமிருன்னு நெனைச்சேன். வேலைக்குப் போவ மனசில்லாத மனுசன்னு எங்கம்மாட்ட போய் அழுதேன். அந்த டாக்டரம்மா அன்னைக்கு ஒன்னையப் பத்திச் சொல்லச் சொல்ல, எனக்கு அவுக மூஞ்சிதாம்ட்டி தெரிஞ்சுது. ஒரு ஆளோட மல்லுக்கட்டியே என் ஆயுசு பாதி போச்சு, இதும் அப்பிடியான்னு ஆயிட்டு எனக்கு."

"அம்மா."

"டாக்டர் சனிக்கிழம இருப்பாங்களான்னு கேட்டு வைக்கேன். மணியடிச்சாச்சு. எந்திட்டி."

வைத்துவிட்டாள்.

அப்பா பிரஸ்ஸில் இருந்தார், அரிசி ஆலையில் இருந்தார், பள்ளிக்கூட வேன் ஓட்டினார், செல்போன் கடையில் நின்றார். எந்த இடத்திலும் அவரை யாரும் கெட்டவர் என்று சொன்னதில்லை. எந்த இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்ததுமில்லை. என்னை வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போனாரே, அதைச் சொந்தக்காரர்கள் இன்னும் கல்யாண வீட்டில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு முறுக்கு வாங்கப் போனவர், வழியில் யாரையோ பார்த்துப் பேசி, பேச்சோடு பேச்சாக ஊர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கே போய்விட்டார். முறுக்குப் பொட்டலத்தோடு உள்ளே நுழைந்தவரிடம் அம்மா, "பிள்ளைய எங்க?" என்று கேட்டிருக்கிறாள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் வேர்வை, பஸ் ஸ்டாண்ட் என்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். ஐயோ பாவம் பிள்ளை எப்படிப் பயந்திருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நான் பயப்படவே இல்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. எதிரே ஒரு பஸ்ஸுக்குப் பின்கண்ணாடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். ரப்பர் பட்டையைக் கயிறு வைத்து இழுத்து இழுத்துக் கண்ணாடியை உள்ளே உட்காரவைத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து அழுதபோதுதான் தெரிந்தது அவர் போயிருந்தார் என்று. அப்பா என்னை மறந்துவிட்டுப் போனதை நான் கவனிக்கவே இல்லை. அவர் அழுததுதான் இன்னும் இருக்கிறது. அந்த முகம். அதே குளிர் அவர் வயிற்றிலும் வந்திருக்கும், அம்மா பிள்ளைய எங்க என்று கேட்ட அந்த நொடியில். எத்தனை வருடம், எத்தனை தடவை. அவருக்கு ஒரு டாக்டரம்மா இல்லை. அவருக்கு அதற்கு ஒரு பேர்கூட இல்லை. திமிர் என்ற பேர்தான் கிடைத்தது.

சனிக்கிழமை. அம்மா கேட்டு வைக்கிறேன் என்றிருக்கிறாள். சந்தோஷமாக இருக்க வேண்டிய விஷயம். இதற்காவது எழுந்திருக்கலாமே, இந்தா, ஒன்று, இரண்டு, மூன்று என்று. எழவில்லை. நல்ல செய்திக்கும் கெட்ட செய்திக்கும் ஒரே மாதிரிதான் இருக்கிறது இந்த உடம்பு. வராந்தாவில் செருப்புச் சத்தம். புதுச் செருப்பு, கறுக் கறுக்கென்கிறது. வேகமாக வருகிறது. சந்தன நிறச் சேலை, தலையில் கனகாம்பரம். கோமதி. வாசலில் நின்று என்னைப் பார்க்கிறாள், வாளியைப் பார்க்கிறாள், வாளி காய்ந்து கிடப்பதைப் பார்க்கிறாள். இப்போது கேட்டுவிடுவாள் எல்லாவற்றையும். கேட்கட்டும்.

"இன்னும் குளிக்கலையா?"

"இல்ல."

"தூங்கிட்டியா?"

"இல்ல. அப்பவே எந்திச்சிட்டேன். எந்திச்சு இங்க உக்காந்தேன்."

உள்ளே வந்து எதிர்க்கட்டிலில் உட்கார்கிறாள். மடிப்புக் கலையாமல் பார்த்து உட்கார்கிறாள். முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள். மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவில்லை. களைத்துப்போயிருக்கிறாள், நான் மட்டும்தான் களைத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எது முடியல?" என்கிறாள். "நான் சண்டைக்கு வரல. எனக்கு நெசமாவே விளங்கல. எது முடியல உனக்கு?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் முடியவில்லை என்றுதான் கேட்பார்கள். ஏன் என்பதற்கு என்னிடம் என்றைக்கும் பதில் இருந்ததில்லை. எது என்றால், பார்க்கலாம். பார்க்கிறேன். சேலையா, வைவாவா, எக்ஸ்டர்னலா. இல்லை.

"இந்த வாளிய எடுக்க முடியல."

சிரிப்பாள் என்று நினைத்தேன். வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாளி மட்டுமா?"

"அத எடுத்துட்டா மத்தது வந்துரும்னு நெனைக்கேன்."

எழுந்து, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வாளி போகிறது. துண்டு என் தோளில் இருக்கிறது, சோப்பு வாளியில் போகிறது. நான் வராந்தாவில் இருக்கிறேன். எப்போது எழுந்தேன்? தொடையில் சட்டம் பதிந்த இடத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, தரை சில்லென்று இருக்கிறது, செருப்புப் போடவில்லை, பரவாயில்லை. தாழ்ப்பாள் இருக்கிற குளியலறை எது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. வாளி நிறைகிற வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உள்ள போய்த் தாழ்ப்பாளப் போடு. நான் இங்கதான் நிக்கேன்."

தாழ்ப்பாளைப் போட்டேன். நைட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மக்கைக் கையில் எடுத்தேன். உச்சி ஜன்னல் வழியாக ஒரு துண்டு வெயில் சுவரில் விழுந்து, ஈரம் பூத்த சிமெண்டில்.

"இவா."

"ம்."

"பேபி மேடத்துட்ட போன வாரம் போயிருந்தேன். ஒன்னைய மாத்தி வேற ஆளப் போடச் சொல்லிக் கேட்டேன். கடைசி நேரத்துல முடியாதுன்னுட்டாவ. அதான் இப்ப ஒன்னையக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன். பெரிய மனசு பண்ணி வந்திருக்கேன்னு நெனைச்சுக்கிடாத."

"நெனைக்கல."

வலிக்கும் என்று காத்திருந்தேன். அவ்வளவாக வலிக்கவில்லை. அவள் என்னை மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்தான் கஷ்டமாக இருந்திருக்கும். சின்ன வயதிலிருந்து ஆட்கள் என்னை மன்னித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். டீச்சர்கள், அத்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒவ்வொரு மன்னிப்பையும் இனிமேல் இப்படி நடக்காது என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறேன். மறுபடி நடக்கும் என்று வாங்கும்போதே தெரியும். மன்னிக்கப்பட்டு மன்னிக்கப்பட்டே ஓய்ந்துபோயிருக்கிறேன். இவள் என்னிடம் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் நிற்கிறாள், அவ்வளவுதான்.

"தண்ணி சத்தமே கேக்கல."

ஊற்றினேன். குளிர் தோளில் அறைந்தது. மூச்சு ஒரு தடவை நின்று வந்தது.

"நெயில் பாலிஷ்ல ஏன் அரளி துளை தெரியல? எக்ஸ்டர்னல் மொதல்ல இதத்தான் கேப்பாரு. சொல்லு."

சொன்னேன். குழியில் ஆரம்பித்தேன். குழிக்குள் ரோமம், ரோமத்துக்குள் தேங்கி நிற்கிற ஈரக்காற்று, வெயிலில் நிற்கிற செடி தன் தண்ணீரை எப்படிக் காப்பாற்றுகிறது, லாரித் தூசி குழி வாயில் எப்படி அடைகிறது, தூசி அடைந்த இலையில் ரோமம் எப்படி ஒட்டிப்போய்க் கிடந்தது என்று சோப்புப் போட்டுக்கொண்டே சொன்னேன், தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னேன். எங்கேயும் தடுக்கவில்லை.

"மெதுவாச் சொல்லணும்," என்றாள். "இந்த வேகத்துல சொன்னா அந்த ஆளுக்கு ஒண்ணும் ஏறாது."

"சரி."

"எண்ணிக்கை ஏதும் கேட்டா நீ வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிடுதேன்."

"சரி." பிறகு கேட்டேன், "வைவா முடிஞ்சதும்?"

"முடிஞ்சதும் நான் ஊருக்குப் போறேன். நீ ஒன் சோலியப் பாரு."

மக்கில் தண்ணீர் நிறைந்து கையில் நிற்கிறது. அதில் ஜன்னல் வெளிச்சம் ஆடுகிறது. இனி அவள் என்னோடு பேசமாட்டாள், பட்டமளிப்பு விழாவில் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வோம், அவள் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போவாள், அரளியைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைத்து.

"இவா. சத்தம் கேக்கல."

ஊற்றுகிறேன். கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியில் அவள் கால் தெரிகிறது. சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. சேலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, புதுச் செருப்பு நனைய நனைய, நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.